தாளின் பின்பக்கம்

மார்ச் 3

அன்புத் தங்கை கணக்குப்புலிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணிக்கு முதுகுவலி தேவலை. எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீ இரண்டு வரியில் பதில் போடுகிறாய் என்று அவளுக்கு மனத்தாங்கல்.

புதுச் சாலைக்கு நீ தயாரித்த அறிக்கை வந்துவிட்டது. தார், ஜல்லி, லாரி, வெட்டும் மரம், தோண்டும் மண் என்று எல்லாவற்றிலிருந்தும் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கும் என்று கிழக்கு வழிக்கும் மேற்கு வழிக்கும் கணக்குப் போட்டிருக்கிறாய். பதினேழாம் பக்கம் வரை பெருமையாகத்தான் படித்தேன். அதில் மேற்கு வழியின் சதுப்பு, ‘தரிசு, கார்பன் இழப்பு பூஜ்யம்’ என்று இருக்கிறது. கீழே கள அளவையாளர் என்று என் பெயர்!

அங்கே மரம் இல்லை, சரி. ஆனால் சேற்றில் ஆழம் பார்க்கும் மூன்று மீட்டர் கம்பி முழுசாக இறங்கியும் அடி தட்டவில்லை என்று, உனக்கு அனுப்பிய அளவைத் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தேனே. அத்தனையும் மக்கிய நாணல். தண்ணீரை வடித்துச் சாலை போட்டால் அதிலுள்ள கார்பன் வருஷக்கணக்கில் வெளியேறும் என்று எனக்குச் சொன்னதே நீதான். அன்று எனக்குப் படகு தள்ளிய, நாணல் அறுக்கும் அம்மா, ஊர்ப் பலகையில் ஒட்டிய அறிக்கையைப் பார்த்துவிட்டு நேற்றுக் கடைவாசலில் பிடித்துக்கொண்டார். "உங்க செருப்பை முழுங்கின சேறு, தரிசா சார்?" எந்த வழி என்று இருபத்தைந்தாம் தேதி சாலைக் குழு முடிவெடுக்கிறது. என்ன நடந்தது, எழுது.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

அண்ணியிடம் சொல், இந்தத் தடவை இரண்டு வரிக்கு மேலேயே எழுதுகிறேன்.

உன் தாள்களை ஸ்கேன் செய்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. படிவத்தில் மரத்தின் சுற்றளவுக்குத்தான் கட்டம். அது காலியாக இருந்தால் பூஜ்யம் விழும். இப்போது கிளறினால் எல்லாருக்கும் சிக்கல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அவசரத்தில்,
உன் கணக்குப்புலி

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

அப்படியானால் தப்பு என்னுடையதுதான். பின்பக்கம் எழுதியவன் நான்தானே? நேற்றுக் குழு முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன். "முன்பக்கம் எழுதத் தெரியாதவரை யாருங்க அனுப்பினது?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆதாரம் இல்லாமல் கணக்கை மாற்ற முடியாதாம். இனிக் களத்துக்குப் போகவேண்டாம் என்று கம்பியையும் வாங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் பெயரை இழுக்கவில்லை. கவலைப்படாதே.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

யாரும் ஸ்கேன் செய்யவில்லை. உன் தாள்களை நான்தான் பிரித்தேன். பின்பக்கமும் படித்தேன். ‘தங்கச்சி, இதை விட்டுடாதே’ என்று அடிக்கோடு போட்டிருந்தாய். சேர்த்துக் கணக்குப் போட்டேன். மேற்கு வழியின் கார்பன் ஆறு மடங்கு ஆயிற்று.

மேலாளர் எட்டிப் பார்த்து, "படிவத்துல இல்லாததை எதுக்கும்மா சேக்கறீங்க?" என்றார். அவ்வளவுதான். மிரட்டக்கூட இல்லை. நான் அழித்துவிட்டேன். அடுத்த மாதமே பதவி உயர்வு வந்தது. வாழ்த்துச் சொல்லி முதலில் எழுதியது நீதான்.

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்தேன். நீ என் தப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சிரிக்க நின்றிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது அண்ணா. கைகழுவும் இடத்தில் கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

இன்று காலை திரும்பப் போட்ட கணக்கையும் உன் தாளையும் குழுவிடம் நேரில் கொடுத்தேன். தெரிந்தேதான் அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் கம்பியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என் வேலை போய்விடும் என்று நினைக்கிறேன். சாலை எந்த வழியில் போகும் என்று தெரியாது.

தாளின் ஓரத்தில் உன் கட்டைவிரல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஐந்து மாதம் என் மேஜை இழுப்பறையில் அது இருந்தது, தினமும் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணியிடம் நானே சொல்கிறேன். நீ நாணல் அறுக்கும் அம்மாவிடம் போய், தரிசு என்று எழுதியது நீ இல்லை, உன் தங்கை என்று சொல். யார் அந்தத் தங்கை என்று கேட்டால், கணக்குப்புலி என்று மட்டும் சொல்லாதே.

தங்கை