உங்கள் கன்னத்துச் செல்லில் நான் கண்டது

என்னங்க,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்தையும் இப்படியே தொடங்குகிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். உங்கள் கன்னத்தின் உள்ளே ஆறாத புண்ணிலிருந்து டாக்டர் எடுத்த சதைத்துண்டு, பதுளையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்துக்கே வந்தது. மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றி, ஆய்வுகூட டாக்டரிடம் கொடுக்குமுன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செல்களின் கருக்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, தாறுமாறாகப் பிரிந்துகொண்டிருந்தன. புற்றுநோய் என்று ரிப்போர்ட் வரும்வரை நான்கு நாள் உங்களிடம் அதைச் சொல்லவில்லை.

நான்காம் நாள், நீங்கள் ஓட்டும் மடுல்சீமை பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தபடி கேட்டீர்கள்: "கொழம்புல நாலு நாளா மொளகாயே இல்ல. அந்தச் சதைய நீ பாத்துட்டல்ல?" அப்போதும் சொல்லாமல், தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். உங்களுக்கு என்மேல் கோபம் இருந்ததா?

நம் மகள் செல்வி இப்போது பண்டாரவளையில் ஏ.எல். வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். போன வாரம் ஒரு காலையில் கண்ணாடி முன் வாயைத் திறந்து, போன் வெளிச்சத்தில் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிறாளாம்.

"அப்பாவுக்கு மரபணு மாறிப்போச்சுன்னு சொன்னாங்களே, அது எனக்கும் வந்திருக்குமாம்மா?"

மழுப்பத்தான் நாக்கு எழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். புகையிலையும் பாக்கும் வருடக்கணக்கில் பட்ட இடத்தில், செல்லைக் காக்கும் சில மரபணுக்கள்மேல் வேதிக்குறிகள் ஏறி அவற்றை மௌனமாக்கிவிடலாம். மரபணுவின் எழுத்து அப்படியே இருக்கும். செல்லால் அதை வாசிக்க முடியாது. பழுது பார்க்க ஆளில்லாமல் டி.என்.ஏ. உடையும். பிரியப் பிரியக் குரோமோசோம்கள் கூடும், குறையும்.

"அதெல்லாம் அப்பா கன்னத்துல நடந்தது. ஒனக்கு அவரு குடுத்ததுல அது இல்ல."

"அப்ப எனக்கு வரவே வராதா?"

"அப்புடி யாருக்கும் சொல்ல முடியாதும்மா. வெத்தல, பொகையில தொடாத. ஆறாத புண்ணு வந்தா காட்டு."

நீங்கள் போய், காரியம் முடிந்த பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று என் தோளில் சாய்ந்து அழுதாள். முகம் கழுவிவிட்டு வந்து கேட்டாள்: "அப்பாவோட சேந்து பஸ் ஓட்டுன மாமாங்க எல்லாரும் வெத்தல போடுறாங்களே. அவங்க வாய யாரும்மா பாத்தா?"



வருகிற சனிக்கிழமை முதல் ஆளாக, உங்களோடு பஸ் ஓட்டிய முருகையா அண்ணனைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் போவேன். டாக்டர் என்ன சொன்னாலும் அவர்களோடு உட்கார்ந்து கேட்பேன், எழுந்து போகமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் செல்வியின் அம்மா