நீ அனுப்பிய வாட்ச் செய்த வேலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி வேண்டுதல். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி இன்னும் எழுதவில்லை, கவனித்துப் படி.

உங்கப்பாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வாட்ச் பத்திரமாக வந்து சேர்ந்தது. வெள்ளி நிறம், கறுப்புத் தோல் ஸ்ட்ராப், கட்டினதும் ஆளே எடுப்பாகிவிட்டார், நன்றாக இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்ததே, ஆண்கள் வாட்ச் கட்டி அழகாகத் தெரிவது எப்படி என்று, அதைக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா? யார் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? முப்பது வருஷமாக லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற மனுஷன், அச்சில் ஒரு வரி இருந்தால் அது நடந்தே ஆகவேண்டும். ஒரே ஒரு திருகாணி வேறு நிறத்தில் இருக்கிறது என்று லிஃப்டைப் பூட்டிப் பதினோரு மாடி ஜனங்களையும் படியேற வைத்தவர், அதில் உன் பெரியப்பாவும் ஒருவர், இன்றுவரை அவர் நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

முதலில் சட்டைக் கையில் ஆரம்பித்தது. சட்டை நுனிக்கு வெளியே வாட்ச் கொஞ்சமாகத் தெரிய வேண்டும் என்று போட்டிருக்கிறதாம், கொஞ்சம் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று போடவில்லையாம். லிஃப்ட் கதவின் இடுக்கை அளக்கிற தகட்டை வைத்து அளந்து, ஏழு சட்டைக்கும் இடது கையை மட்டும் தையல்காரரிடம் கொடுத்துக் குறைத்துக்கொண்டு வந்துவிட்டார். தோலுக்குத் தோல் பொருந்த வேண்டும் என்று கறுப்பு ஷூ, கறுப்பு பெல்ட் வாங்கினார், புது ஷூ வலது கால் சுண்டுவிரலைக் கடிக்கிறது என்று நொண்டினார். சரி, வயசான காலத்தில் ஆசைப்படுகிறார், போகட்டும் என்று விட்டேன். நீ பல்வலி என்று எழுதியிருந்தாயே, தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார், பல்லில் தங்கம் மட்டும் வைத்துக்கொள்ளாதே, ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

உடம்பில் இருக்கிற உலோகம் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. உங்கப்பா ஆபீஸ் சோதனைப் படிவம் ஒன்றை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, தன்னைத்தானே சோதித்து எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். பல், மேல் வரிசை, வலது பக்கம், தங்கம், குறைபாடு உண்டு, மூடி வைக்கவும். மோதிரம், தங்கம், குறைபாடு உண்டு, அகற்றவும். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார் தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினார். அது போகட்டும். கல்யாணத்தன்று நான் போட்டுவிட்ட மோதிரம், முப்பத்தோரு வருஷம் விரலை விட்டு இறங்காதது, அதைச் சோப்பு போட்டு அரைமணி நேரம் இழுத்துக் கழற்றியிருக்கிறார். மேஜை டிராயரில் கிடந்தது. அதில் லிஃப்டில் மாட்டுவார்களே சிவப்பு அட்டை, அதைக் கட்டி வைத்திருந்தார், பழுது, பயன்படுத்தக் கூடாது என்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்தான் பழுது என்று எழுதி மாட்டின மாதிரி இருந்தது.

ஒன்பது நாள் அவரோடு நான் பேசவில்லை. அது அவருக்குத் தெரியவே இல்லை, அவரும்தான் வாயைத் திறப்பதில்லையே, வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் நேரே போய் நின்று, "மோதிரம் வேணாம்னா போட்டவளும் வேணாம்னு அர்த்தம், நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆடிப்போய்விட்டார். மறுநாள் காலையிலேயே மோதிரத்தை எடுத்துக்கொண்டு பூச்சுக் கடைக்கு ஓடினார், வெள்ளி முலாம் பூசிவிட்டால் எனக்கும் திருப்தி புத்தகத்துக்கும் திருப்தி என்று. இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். படியிறங்கி, தெருமுனை வரை வந்து, திரும்பப் போய் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "விட்டுட்டு வர மனசு வரல" என்றார், வாயைத் திறந்து, பல் தெரிய. எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதிக்கு அவர் மதியம் முழுக்க உட்கார்ந்து யோசித்து வழி கண்டுபிடித்தார். ஒரே கட்டிடத்தில் இரண்டு லிஃப்ட் இருந்தால் தனித்தனியாகத்தான் சான்றிதழாம், இதன் கதவு அதன் கதவோடு பொருந்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லையாம். ஆகவே மனுஷ உடம்பும் இரண்டு லிஃப்டாம். இடது பக்கத்தில் வெள்ளி வாட்ச், கறுப்பு ஷூ. வலது பக்கத்தில் மோதிரம், பழைய விரலில் மறுபடி ஏறவில்லை, சுண்டுவிரலில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தங்கப் பல்லும் வலது பக்கம்தான், அதனால் அனுமதி உண்டு. வலது காலுக்குப் பழைய பழுப்பு ஷூ, கடிக்காது. பெல்ட்? அது கட்டிடத்தைச் சேர்ந்ததாம். இப்போது சிரித்தால் வலது ஓரம் மட்டும் திறக்கிறது, இடது ஓரம் பூட்டியபடியே இருக்கிறது. ஆபீஸில் இரண்டு பேர் இதுதான் புது ஸ்டைல் என்று காலுக்கு ஒரு நிறமாக ஷூ போட்டுக்கொண்டு வந்தார்களாம், தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

சாயங்காலம் நடக்கப் போகிறோம். இடது பக்கம் நடந்தால் வாட்ச் கட்டின யாரோ ஒரு அதிகாரி விறைப்பாகக் கூட வருகிறார். வலது பக்கம் வந்தால் நான் கட்டிக்கொண்ட மனுஷன்.

நேரத்துக்குத் தூங்கு, மாப்பிள்ளையிடம் வள்ளென்று விழாதே, இருவரும் ஒன்றாக, நிறைவாக, நூறு வயசு இருங்கள். மறந்துவிடாதே, அடுத்த வருஷம் டை மட்டும் அனுப்பிவிடாதே, அது நடுவில் தொங்கும்.

இப்படிக்கு,
உங்கப்பாவின் வலது பக்கத்திலிருந்து,
அம்மா