சேத்தோ விழுந்த வரிசை

செப்டம்பர் 3, புதன்

மாணவர் மையத்தில் மரபு விழாக் குழுக் கூட்டம். பத்தொன்பதாம் தேதி தொடக்கம். சுவரொட்டி வந்துவிட்டது. மரியாச்சி இசை, பழங்குடி முரசு, நாட்டுச் சமையல் என்று வண்ண வண்ணமாகப் போட்டுவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் "மிஸ்தெக்கோ சாத்தான் ஆட்டம்". மாணவர் சங்கத் தலைவி யெசேனியா கெட்டவள் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"மேடையில உங்க பேச்சு வழக்குல ரெண்டு வரி சொல்லேன்டி. க்யூட்டா இருக்கும்."

"வழக்கு இல்ல. மொழி."

"சரி தாயே, மொழி. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

மெக்சிக்கோக்காரர்கள் நடுவில், மிஸ்தெக்கோ பழங்குடிகளான நாங்கள் 'இந்தியர்கள்', குள்ளர்கள். வெள்ளைக்காரர்கள் நடுவில் நாங்களும் மெக்சிக்கோக்காரர்கள். விழா மேடையில் மட்டும் எல்லோரும் ஒரே குடும்பம்.

வீட்டுக்கு வந்து, அந்த ஆட்டம் ஆடப்போகும் அண்ணனிடம் சொன்னேன். "உன் காலேஜ்காரங்க காத பொத்திக்கிட்டு உக்காரச் சொல்லு. நாங்க சாட்டைய வீசினா அங்க கண்ணாடி ஒண்ணும் மிஞ்சாது" என்றான்.

செப்டம்பர் 6, சனி

சலவைக் கடைக்குப் பின்னால் ஒத்திகை. ஆட்டக்காரர்கள் எல்லோரும், அப்பாவும் அண்ணனும் வேலை பார்க்கும் அதே திராட்சைத் தோட்ட ஆட்கள். கொம்பு முகமூடி, ஆட்டுரோமக் கால்சட்டை. இந்த வெயிலில் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது. ருஃபினோ மாமா சுழன்று திரும்பும்போது தடுக்கி உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, சாத்தானுக்கு முட்டி வலிக்குமா?" — அண்ணன்.

"பகலெல்லாம் குனிஞ்சு பழம் வெட்டற சாத்தானுக்கு எல்லாமே வலிக்கும்டா."

அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் ஆடும்போது அவளுக்கு வரும் கர்வம் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தபோதுகூட.

செப்டம்பர் 8, திங்கள்

நூற்றெட்டு டிகிரி வெயில். காலையில் அண்ணன் தலை வலிக்கிறது என்றான். "போகாதே" என்றேன். "நீ வந்து வெட்டறியா?" என்று என் பின்னலை இழுத்துவிட்டுப் போனான். மாலையில் எனக்குத் தேர்வு.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணன் செத்துட்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடக்கம் இங்கேதான் செய்தோம். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. அம்மா அதற்கும் அழுதாள்.

நடந்ததை அப்பா சொல்லவில்லை. ருஃபினோ மாமாதான் வாசலில் வைத்துச் சொன்னார். காயவைக்கும் தாளில் பழத்தைப் பரப்பும்போது அண்ணன் கண் இருட்டுகிறது என்றானாம். மேற்பார்வையாளன், "இந்த வரிசைய முடிச்சுட்டு உக்காரு" என்றானாம். தண்ணீர்த் தொட்டி தோட்டத்தின் மறுமுனையில். விழுந்த பிறகு, ஆட்களை ஏற்றிவரும் வேனுக்குள் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மற்றவர்களை வேலையைப் பார்க்கச் சொன்னான். ஆம்புலன்சைக் கூப்பிட்டதே வெகு நேரம் கழித்துத்தான்.

சான்றிதழில் இதயக் கோளாறு என்று போட்டிருக்கிறது. இருபத்து நான்கு வயதில். சாத்தான் ஆட்டத்தில் மற்றவர்கள் களைத்து விழுந்த பிறகும் ஆடியவனுக்கு இதயக் கோளாறு!

அப்பா பக்கத்து வரிசையில் இருந்திருக்கிறார். கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

செப்டம்பர் 19, வெள்ளி

தொடக்க விழா நடந்தது. சாத்தான்கள் வரவில்லை. அந்த நேரத்துக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்களாம். நான் போகவில்லை. மாலையில் யெசேனியா ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சூப்போடு வீட்டுக்கு வந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் எங்கள் சமையலறையைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

எங்கள் ஊர் வழக்கத்தில், இப்படிச் செத்தவனை விழுந்த இடத்துக்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவன் உயிர் அங்கேயே கிடக்கும், செத்தவர்கள் திரும்பி வரும் ஆண்டுத் திருநாளுக்கு வீடு வந்து சேராது. அம்மா இதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. இன்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் பூவும் கோப்பல் பிசின் போட்ட புகைச்சட்டியும்.

அண்ணன் வேலை பார்த்த டன்மோர்லி பண்ணை வாசலிலேயே மேற்பார்வையாளன் நிறுத்திவிட்டான். "தனியார் இடம். வெளியாளுங்க உள்ள வரக்கூடாது."

"வெளியாளா? இவங்க மகன் இங்கதான் செத்தான்."

"எனக்கு வந்த உத்தரவு அது. கெளம்புங்க."

அம்மா வேலிக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். எல்லா வரிசையும் ஒன்றுபோலவே இருந்தது. "எதுடி? எதுல விழுந்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லூரிப் பண்பாட்டு மைய இயக்குநர் குவெல்யார் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நவம்பர் ஒன்றாம் தேதி இறந்தோர் நினைவுப் படையல்கள், ஊராருக்கும் அனுமதி உண்டு. அண்ணன் சேத்தோவுக்கு ஒரு படையல் வைக்க முடியுமா என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. அம்மாவிடம் சொன்னேன். நீண்ட யோசனைக்குப் பிறகு, "நல்லதா ஒரு சட்டை வாங்கிட்டு வா, அவனுக்கு வைக்க" என்றாள்.

எங்கே நடக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. டன்மோர்லி அரங்கில். பண்ணை வைத்திருக்கும் அதே குடும்பம்தான் கட்டிக் கொடுத்தது.

அக்டோபர் 23, வியாழன்

ஒவ்வொரு படையலின் முன்னும் ஓர் அட்டை. நான் எழுதிக் கொடுத்தது: "அனிசேத்தோ, சேத்தோ என்று அழைப்போம். இருபத்து நான்கு வயது. ஆட்டக்காரன். டன்மோர்லி திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் இறந்தான்."

மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "பண்ணைப் பேர மட்டும் எடுத்துடேன், நெரெய்தா."

"ஏன்?"

"ஏன்னு உனக்கே தெரியும். மையம் ஓடறதே அவங்க பணத்துல. வேற எவனும் குடுக்கத் தயாரா இல்ல. உன்ன மாதிரிப் பிள்ளைங்க உக்காந்து அழறதுக்குன்னு இந்த வளாகத்துல இருக்கறது இந்த ஒரு அறைதான்."

"நீங்க எங்க பக்கம்னு நெனச்சேன்."

"எங்கம்மாவும் திராட்சை வெட்டுனவதான். அந்தப் பேச்ச எங்கிட்டப் பேசாத." அட்டையை என் பக்கம் தள்ளினார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அப்பாவும் அதையே சொல்கிறார். எடுத்துடு. தோட்டத்தில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள், பலருக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை. "செத்தவன் செத்துட்டான். இருக்கறவங்க வயித்துல அடிக்காத."

நான் கத்திவிட்டேன். "நீ பக்கத்துலதான இருந்த? உன் புள்ளய வேன்ல போட்டுப் பூட்டறான், நீ என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்த?"

ஏன் கேட்டேன்? கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "வெட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "வேலையப் பாருன்னான். பாத்தேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுருவான்னு நெனச்சேன். வெட்டிக்கிட்டே இருந்தேன்."

பண்ணைப் பெயரை எடுத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்தே அம்மா செண்டுமல்லி இதழைத் தரையில் தூவிப் பாதை போட்டாள். ரொட்டி, மோலே குழம்பு, பீர், புதுச் சட்டை, அவன் படம். மற்றப் படையல்களுக்கு முன்னால் பிள்ளைகள் முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். சிறந்த படையலுக்குப் பரிசு வேறு உண்டாம். அது எனக்கே அங்கு போன பிறகுதான் தெரியும். நடுவர்கள் கையில் காகிதத்தோடு வந்து அண்ணனின் படத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்கள். மதிப்பெண்.

அப்பா சலவைச் சட்டையில் சுவரோரமாக நின்றார். ருஃபினோ மாமாவும் கூட நின்றார்.

அம்மா அட்டையைக் காட்டி, "என்ன போட்டிருக்கு?" என்றாள். படித்துச் சொன்னேன்.

"எந்த இடம்னு போடலியா?"

"இல்லம்மா."

"அப்பறம் அவன் எப்படி வருவான்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முட்டி போட்டு, கோப்பல் புகையை ஊதிவிட்டு, எங்கள் மொழியில் உரக்கக் கூப்பிட ஆரம்பித்தாள். சேத்தோ, எழுந்திரு. டன்மோர்லி மண்ணிலிருந்து எழுந்திரு. உன்னைப் போட்டுப் பூட்டிய வண்டியிலிருந்து எழுந்திரு. தண்ணீர் வைத்திருக்கிறேன், வா. ஊரில் செய்வதுபோல, மறுபடி மறுபடி. அரங்கம் அடங்கிவிட்டது. அவள் சொன்னதில் அவர்களுக்குப் புரிந்த ஒரே சொல் டன்மோர்லி.

முன் வரிசையில் சிறப்பு விருந்தினராக டன்மோர்லி குடும்பத்துப் பெரியவர். ஒவ்வொரு முறை பெயர் வரும்போதும் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். முடிந்ததும் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "அழகான பிரார்த்தனை. எங்களுக்கும் புரியற மாதிரிச் சொல்லேன்மா" என்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்.

குவெல்யார் மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் சொன்னேன்: "மகனை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான்."

கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அப்பா நடந்து வந்தார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் நான் சொன்னது மிகவும் குறைவு என்பது புரிந்துவிட்டது. எங்கள் மொழியில், மெதுவாகத்தான் சொன்னார்.

"அவ்வளவுதானா சொன்னா உங்கம்மா? முழுசாச் சொல்லு பொண்ணே."

"அப்பா, வேணாம்ப்பா—"

"சொல்லு. நான் இருந்ததையும் சேத்துச் சொல்லு."

சொன்னேன். வரிசை, வெயில், வேன், கதவு, தண்ணீர்த் தொட்டி. அப்பா எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் நிற்பவர்போல நின்றார். டன்மோர்லி பெரியவர் அம்மாவின் கையை எப்போது விட்டார் என்று நான் பார்க்கவில்லை. யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் அழுதாள். ருஃபினோ மாமா நின்ற இடம் காலியாக இருந்தது.

வண்டியில் திரும்பும்போது அம்மா கேட்டாள், "வந்துட்டான்ல?" அப்பா, "வந்துட்டான்" என்றார்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் வேலை வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. அப்பா சாப்பாட்டுப் பையோடு சாலையோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

பண்பாட்டு மையத்தின் கதவில் "மறுபரிசீலனையில்" என்று ஒரு தாள். மேடம் தன் பொருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதெல்லாம் வேணாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எங்கம்மா இருந்திருந்தா உன் பக்கந்தான் நின்னுருப்பா. அதான் எனக்குக் கோவம்" என்றார்.

பிள்ளைகளில் சிலர் என்னோடு பேசுவதில்லை. 'ஒரு குள்ளச்சியால மொத்தமும் போச்சு' என்று என் காதுபடவே ஒருவன் சொன்னான். யெசேனியா அவனோடு மல்லுக்கு நின்றாள். தொழிலாளர் நல அலுவலகத்துக்கு எங்களை வண்டியில் கூட்டிப்போனதும் அவள்தான். புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு சாட்சி, அதுவும் செத்தவனின் தகப்பன் என்றால் கஷ்டம் என்றார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

சாட்சி சொல்ல வருவார்களா என்று அப்பா இன்று ஒன்பது வீடுகளுக்குப் போய்க் கேட்டார். காபி கொடுத்தார்கள். யாரும் வர முடியாதாம். குறை சொல்ல முடியுமா? ருஃபினோ மாமா கதவே திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டதாம்.

டிசம்பர் 13, சனி

விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். மொழிபெயர்க்க நான். வெளியே பனிமூட்டம், எதிர் வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. அப்பா மேசைமேல் கை இரண்டையும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். தன்னைப் பற்றிய இடத்தை இந்த முறையும் விடவில்லை.

"உங்களைத் தவிர யாராவது?" என்றார் அதிகாரி. அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். அதிகாரி பேனாவை மூடினார்.

அப்போது பனிக்குள் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். யாரென்று தெரியவில்லை. அம்மா போய்க் கதவைத் திறந்தாள். ருஃபினோ மாமா. நனைந்த தொப்பியோடு படியிலேயே நின்றார். பின்னால் வண்டியில் அவர் மனைவி, மடியில் குழந்தை, இறங்கவில்லை.

"எனக்குக் காகிதம் கிடையாது" என்றார் என்னிடம். "அத மொதல்ல அவருகிட்டச் சொல்லிடு. அப்பறம் மத்ததச் சொல்றேன்."

அம்மா அப்பாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.