வெள்ளிக்கிழமைக் கப்பலில் வரப்போகிறவனுக்கு

அன்புள்ள ருவாரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், உயிரோடும் இருக்கிறோம். முதல் வரியிலேயே இதைச் சொல்லும்படி ஆகிவிட்டது, ஏனென்றால் உன் மனைவிக்கு அந்த விஷயம் தெரியாது போலிருக்கிறது. நீயும் அவளும் நியூசிலாந்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வேண்டிக்கொள்கிறேன், அவள் பெயர் ஹினே என்பதே போன வாரம்தான் எனக்குத் தெரியும், அதுவரை ருவாரியின் வீட்டுக்காரி என்று மொட்டையாகத்தான் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முழிக்காதே, அவளேதான் கொடுத்தாள், எப்படி என்று சொல்கிறேன். நம் பாஷையில்தான் எழுதுகிறேன், உறையை அவள் பிரித்தாலும் ஒரு எழுத்து புரியாது, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டால் நீ எதைச் சொல்வாய் எதை விழுங்குவாய் என்பது உன் பாடு.

உன் அப்பாவின் சித்தப்பா மகன் டார்க்வில்லை நீ மறந்திருக்க மாட்டாய், பறவைப் பாறைக்கு வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறானே அவன்தான். போன வாரம் உன் அப்பா ஆடுகளைப் பார்க்க மேலே போயிருந்த நேரம் பார்த்து வந்தான், வந்தவன் உட்காரவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். படகில் இடம் கேட்டு ஒரு பெண் போன் பண்ணினாளாம், செப்டம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் கணவருக்கு ஏதோ கூட்டமாம், அது முடிந்ததும் மூன்று ராத்திரி நம் ட்ரோல்சே தீவில் தங்கி மலை, குகை, பாறை எல்லாம் பார்த்துப்போகத் திட்டமாம், கணவர் பெயர் ருவாரி மெக்கினன் என்றாளாம். அதற்கு மேல் அவள் சொன்னதை நான் அதட்டிய பிறகுதான் சொன்னான். "அண்ணி, அது அவரோட ஊராம், இப்போ அங்க அவருக்கு யாருமே இல்லையாம். அவங்க அப்பா அம்மா கல்லறை எங்க இருக்குன்னு கேட்டுச்சு. அவருக்குத் தெரியாம போய்ப் பூ வைக்கணுமாம்." அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி கருகி வீடெல்லாம் புகை, அதை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன், வந்ததும் பார்த்துக்கலாம்மா என்று உளறிவிட்டுப் போனை வைத்துவிட்டானாம்.

நீ எங்கள் இருவரையும் செத்துப்போய்விட்டார்கள் என்று உன் வாயால் சொல்லியிருப்பாய் என்று நான் நம்பவில்லை, அங்கே எனக்கு யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய், அந்தப் பெண் நல்ல மனசுக்காரி, மேலே கேட்டு உன்னை நோகடிக்க வேண்டாம் என்று மிச்சத்தைத் தானே யூகித்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் ருவாரி, எவ்வளவு பெரிய உத்தியோகம் பார்க்கிறாய், நாற்பது சொச்சம் பேர் இருக்கிற ஊருக்கு யாருக்கும் தெரியாமல் வந்து போகலாம் என்று எப்படியடா நினைத்தாய். அவள் டார்க்வில்லோடு நிறுத்தவில்லை, கடைக்காரி ஷோனக்கைக் கூப்பிட்டுப் பாலும் முட்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள், பழைய பள்ளிக்கூட வீட்டை உங்கள் விலாசம் கொடுத்துப் பேசி முடித்திருக்கிறாள், அது எனக்குக் கிடைத்தது அப்படித்தான், அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, எங்கள் வீட்டு லாக்லன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். உன் அப்பா கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, வாய் ஓயாத ஷோனக் புகையிலையை எடுத்து நீட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறாள், அவளுக்குப் பல்வலியா என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.

இப்போது நான் ராத்திரி தூங்காமல் கிடப்பது எதனால் என்று சொல்கிறேன், கவனமாகப் படி. உன் அப்பா போன வருஷமே கப்பல்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், அது உனக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது, அதை நம்பித்தான் வரத் துணிந்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் இடத்துக்கு வந்த ஆளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, பனிக்காலம் வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பல் கரையை ஒட்டும்போது அதன் கயிற்றைப் பிடித்துக் கட்டப்போவது உன் அப்பா. பாலம் இறங்கியதும் நீங்கள் அவரைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும், வேறு வழி கிடையாது. அவள் பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றால் அவர்தான் வாங்கி இறக்குவார், பள்ளிக்கூட வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று அவரைத்தான் கேட்பாள், கல்லறைத் தோட்டம் எங்கே என்று கேட்டாலும் அவரைத்தான் கேட்பாள்.

ஏழு வருஷத்துக்கு முந்தி நீ புறப்பட்ட காலை எனக்கு மறக்குமா. எனக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி நான் நடமாட ஆரம்பித்திருந்த சமயம், இவளை இப்படி விட்டுவிட்டா போகிறாய் என்று அவர் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார், வேலை எனக்காகக் காத்திருக்காது என்று நீ சொன்னாய், போகிறவனுக்கு இந்த வீட்டில் இனி தட்டு கிடையாது என்றார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் வீம்பில் மட்டும் குறைச்சல் கிடையாது. அதன் பிறகு துறையில் நடந்ததுதான் கொடுமை, கப்பல் கிளம்ப ஊதுகிறது, இவர் கயிற்றை அவிழ்க்காமல் நிற்கிறார், கேப்டன் கத்துகிறார், ஜனம் முழுக்க வேடிக்கை பார்க்கிறது, நீ இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசுவாய் என்றுதானடா பிடித்துக்கொண்டு நின்றார், அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. உனக்கு மட்டும் அவமானமாகிவிட்டது. "கயித்த விடுங்க. நீங்க இந்தத் துறையில நிக்கற வரைக்கும் நான் இங்க கால் வைக்க மாட்டேன்" என்று மேல்தளத்திலிருந்து கத்தினாய். அவர் விட்டுவிட்டார். அன்றிலிருந்து உன் பேரை அவர் வாய் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் நான் என்னென்னவோ யோசித்தேன். அந்த வாரம் ஆட்டுச் சந்தைக்கு மல்லெய்க் பக்கம் அவரை அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன், அதற்கும் அதே கப்பலில்தான் போகவேண்டும், நீ இறங்க அவர் ஏற என்று ஆகிவிடும். எனக்கு உடம்பு முடியவில்லை என்று படுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பார், ஆனால் கப்பல் சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவிடுவார், அது அவர் ரத்தத்திலேயே ஊறிப்போனது. புதன்கிழமைக் கப்பலில் வா என்று உனக்கு எழுதலாம் என்றால் அன்றைக்கும் அவர்தான். ஆக உன்னை ஒளித்துவைக்க இந்த ஊரில் வழியே இல்லை.

உங்கள் திட்டத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், டார்க்வில் எல்லாம் சொன்னான். பறவைப் பாறைக்கு அவள் ஞாயிற்றுக்கிழமை குறித்திருக்கிறாள், ஞாயிறு கர்த்தருடைய ஓய்வுநாள், அன்று இந்த ஊரில் எவன் படகை அவிழ்ப்பான், நீயாவது சொல்லியிருக்க வேண்டாமா, சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மேற்கே அலை புரண்டால் போகவே வேண்டாம், பாறையை வளைகுடாவில் நின்றே பார்க்கலாம், கொஞ்சம் சின்னதாகத் தெரியும் அவ்வளவுதான். குகைக்குப் போகிற வழி உனக்கு நினைவிருக்கும், தண்ணீர் வடியும்போது போய் ஏறுவதற்குள் திரும்பிவிடவேண்டும், படம் எடுக்கிறேன் என்று அவள் நின்றால் இழுத்துக்கொண்டு வந்துவிடு. மலை மேல் மேகம் இறங்கிவிட்டால் நின்ற இடத்திலேயே உட்கார், உனக்குத் தெரிந்த மலைதானே என்று துணியாதே, ஏழு வருஷமாக நீ ஏறவில்லை. பள்ளிக்கூட வீட்டில் வடக்கு அறை ஈரம், தெற்கு அறையில் படுங்கள். மூன்று ராத்திரி என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள், காற்று அடித்தால் கப்பல் வராது, மூன்று ஐந்தாகும், ஊருக்குத் திரும்புகிற விமானத்தை நெருக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது, தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன், இன்று வியாழன், நீங்கள் வர இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறது. நேற்று நடந்ததை எழுதினால்தான் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம். மத்தியானம் வாளியும் தேய்க்கிற பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உன் அப்பா வெளியே போனார், படகுதான் கழுவப்போகிறார் என்று இருந்தேன், திரும்பி வரும்போது இரண்டு முழங்காலும் நனைந்து மண்ணாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தோம், உருளைக்கிழங்கும் உப்பு மீனும், தலையை நிமிர்த்தாமல், வெள்ளிக்கிழமைக் கயிற்றுக்கு டார்க்வில்லை நிற்கச் சொல்லிவிட்டேன் என்றார். எதற்கு என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். "நான் துறையில நிக்கற வரைக்கும் கால் வைக்க மாட்டேன்னு சொன்னான். நான் நிக்கலன்னா வைக்கலாம்ல. அவன் சொன்ன சொல்லும் கெடாது" என்றார்.

எல்லாம் தெரிந்திருக்கிறது அவருக்கு. ஊரெல்லாம் தன்னைப் பார்த்து வாயை மூடியதுமே சந்தேகப்பட்டு டார்க்வில்லைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிட்டாராம், என்னிடம் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை. கல்லறை விஷயமும் தெரியும். அதற்குத்தான் வாளியும் பிரஷ்ஷும். நம் வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேர் வைக்கிற வழக்கம்தானே, உனக்கு உன் தாத்தா பேர், அவருக்கு அவர் தாத்தா பேர், அந்தப் பெரியவர் லாக்லனின் கல் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் பாசி பிடித்துக் கிடக்கிறதே, அதைப் போய்த் தேய்த்திருக்கிறார். "பேர மட்டும் தேய்ச்சேன், வருஷத்துல இருக்கற பாசிய விட்டுட்டேன். அந்தப் பொண்ணு பூவோட வந்தா டார்க்வில் அதைக் காட்டட்டும். பொண்டாட்டி முன்னாடி என் பிள்ளை பொய்க்காரனா நிக்க வேணாம்" என்றார். அன்றைக்குத் தான் ஆடுகளோடு மேலே இருந்துகொள்வாராம், மூன்று நாளும் இருட்டிய பிறகுதான் இறங்குவாராம், நீயும் வெளியே தலை காட்டாதே என்று எனக்கும் உத்தரவு. சொல்லிவிட்டு மீனை முள் எடுத்துச் சாப்பிட்டார், நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய் வாய்விட்டு அழுதேன்.

அவர் அப்படிச் செய்வார் ருவாரி, உனக்காகக் கல்லுக்குள் போகச் சொன்னாலும் போவார். நான் போக மாட்டேன். எனக்கு அவரைப்போலப் பெருந்தன்மை கிடையாது, ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததே என் சக்திக்கு அதிகம். வெள்ளிக்கிழமை நான் துறைக்கு வருவேன், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு டார்க்வில் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பெண் இறங்கி வந்து நீங்கள் யார் என்று கேட்டால் நான் யார் என்று சொல்வேன். பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள் என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிற்கிற நிலைமை அவளுக்கு வரலாமா, அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து நீ விமானம் ஏறுவதற்குள் நாள் இருக்கிறது, அவளை உட்காரவைத்து உன் வாயாலேயே சொல்லிவிடு, அவள் கோபப்பட்டால் வாங்கிக்கட்டிக்கொள், அது உனக்கு வேண்டியதுதான். அப்புறம் நீங்கள் பள்ளிக்கூட வீட்டில் தங்கினாலும் சரி, நம் வீட்டில் தங்கினாலும் சரி, நான் அதில் வாய் கொடுக்க மாட்டேன்.

உனக்கும் ஹினேவுக்கும் கடவுள் எப்போதும் துணையிருக்கட்டும், கடல் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவளுக்குக் கம்பளிக் கையுறையும் மழைக்கோட்டும் எடுத்துவரச் சொல், குடை கொண்டுவராதே, இங்கே குடையோடு நிற்பவன் வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள். நம் வீட்டுப் போன் நம்பர் மாறவில்லை. சாயங்காலம் அடித்தால் நான் எடுப்பேன், காலையில் நான் கோழிகளைப் பார்க்கப் போய்விடுவேன், அவர்தான் எடுப்பார். காலையில் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
எஃபி