ஜப்பான்காரன் ஓடுகிற படம்

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே கடும் வெயில். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போய் மீன், தேங்காய், வீடியோ டேப். மீன் நல்ல மீன். மானம் போனது டேப்பில்தான்.

காதர் பாய் வீடியோ கடையில் வழக்கம்போல் குரலைத் தாழ்த்தி, "உடும்புப் படம் புதுசு வந்துச்சா பாய்? புள்ள கேக்குது" என்றேன். எங்கள் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் பெரிய கிராணியின் மனைவி அலமாரிக்குப் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா, காது கூர்மை.

"எந்தப் பிள்ளை? உங்களுக்கு இந்து ஒருத்திதானே. அவள் அஞ்சாம் பாரம் வரை பள்ளிக்கூடமே முடிச்சிட்டாளல்லோ?"

பாய் சும்மா இருக்கலாம்தானே. "இது வேற புள்ளம்மா. நாப்பத்தெட்டு வயசு, மீசை வச்ச புள்ள."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? கௌரவத்துக்கு ஒரு குடும்பப் படமும் சேர்த்து எடுத்தேன். அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

மதியம் படம். கடலிலிருந்து ஒரு ராட்சச உடும்பு, மலையிலிருந்து ஒரு நண்டு, நடுவில் ஊர். ஜப்பான் பேச்சு, கீழே சீன எழுத்து. இரண்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்துதான் பேச்சுப் போடுவாள். படத்தில் ஒரு கண்ணாடிக்காரர் டெலிபோனை எடுத்ததும்:

"ஹலோ, கிராணியா? உடும்பு வேலைக்கு வந்திருச்சுங்க, பேரு போட்டுக்குங்க."

வீட்டுக்காரி கமலத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

யாரைக் கூப்பிட்டாலும் பேருக்குப் பின்னால் 'சான்' என்கிறார்கள். மரியாதை, நம்ம 'ஐயா' மாதிரி என்கிறாள் இந்து. சாயங்காலம் வரை நான் அப்பா சான். டீ கொண்டுவந்தால் டீ சான்.

உடும்பின் முதுகில் ஜிப் தெரிந்தது. இந்து டேப்பை நிறுத்திக் காட்டினாள். டப்பாவில் இருபதாயிரம் டன் என்று போட்டிருக்கிறது. இருபது வருடமாக எண்ணெய் ஆலையில் செம்பனை லோரி நிறுக்கிறவனிடமா? நடையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆள், தோல், வால் எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்து கிலோ. உள்ளே இருக்கிறவன் பாவம், எப்படி வேர்க்கும்.

ஊர் ஓடுகிற இடத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டேன். கமலம், "சண்டைய விட்டுட்டு இதுல என்னத்தைப் பாக்குறீங்க?" என்றாள்.

"நல்லா ஓடுறானுங்க" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

தராசில் முப்பத்தோரு லோரி. ஒரு டிரைவர் இறங்காமல் தன் எடையையும் சேர்த்து நிறுக்கப் பார்த்தான். இறக்கினேன். டேப் திருப்பிக் கொடுக்கவில்லை, நாளைக்கு.

இந்துவுக்குக் கடிதம். சுங்கை சோ பக்கம் புதுத் தொழிற்சாலை, இன்டர்வியூ புதன்கிழமை. வீடியோ டெக்குக்குள் வைக்கிற சின்னச் சாமான் செய்கிறார்களாம். தங்க ஹாஸ்டல் உண்டு. இருபத்தொன்று ஆகாத பெண் என்பதால் அப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்களிடம் சொல்லாமலே எழுதிப் போட்டிருக்கிறாள்.

ஜப்பான்காரனுடைய தொழிற்சாலை.

கமலம்தான் முதலில் ஆரம்பித்தாள். "யாருகிட்டடி வேலைக்குப் போற? உங்க தாத்தாவ சண்டைக் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போட அள்ளிக்கிட்டுப் போனவன்கிட்டயா?"

"அப்ப நீயே பொறக்கலம்மா."

"உங்கப்பா பொறந்திருந்தாருல்ல. கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "வேணாம்னா வேணாம்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். அவ்வளவு சத்தம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது.

இந்து அழவில்லை. டெக்கிலிருந்து டேப்பை எடுத்து டப்பாவில் வைத்து என் முன்னால் வைத்தாள். "வாராவாரம் அவங்கள வூட்டுக்குள்ள கொண்டாறது யாருப்பா?"

உடும்பு மாதிரி கத்தினவன், டேப்பை நிறுத்தின உடும்பு மாதிரி நின்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. லோரிகள் சேற்றில். வேலை குறைவு. ரசீதின் பின்பக்கம், அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிப் பார்த்தேன்.

1. பெயர் முனியாண்டி. என் அடையாளக் கார்டில் என் பெயருக்குப் பின்னால் இருப்பதால் மறக்கவில்லை.
2. இடது கையால் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பார்.
3. எனக்கு நாலு வயதில் அவரைத் தோட்டத்து லோரியில் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை, திரும்பி வந்துவிடலாம் என்றார்களாம். மூட்டையில் இரண்டு சட்டை, ஒரு சோற்று மங்கு.
4. வரவில்லை.

நாலு வரிதான். ஒரு லோரி ரசீதில் இதைவிட அதிகம் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் (இங்கேதான் சொல்ல முடியும்): முதல் உடும்புப் படத்தை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நான் கைகொட்டிச் சிரித்தேன், ரொம்ப நாள் அரிப்பைச் சொறிந்த மாதிரி. ஓடுங்கடா. அதற்குப் பிறகு வாராவாரம். கமலத்துக்கும் தெரியாது. கிறுக்கு என்று நினைக்கிறாள். நினைக்கட்டும்.

ஆனால் இந்தப் படத்தில் ஒருவன். எல்லாரும் இந்தப் பக்கம் ஓட, அவன் மட்டும் திரும்பிப் போய் ஒரு மூட்டையை எடுக்கிறான். மூன்றாவது தடவை அவனை மட்டும்தான் பார்த்தேன். அவனைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. படமே கெட்டுவிட்டது.

சாயங்காலம் கமலம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்தாள். சுவரைப் பிடித்துத்தான் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும், "அவள கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

"நேத்து நீதானே..."

"நேத்து சொன்னேன். இன்னிக்கும் சொல்றேன். ஆனா என் இடுப்பு அவளுக்கு வேணாம்."

டேப் இன்னும் வீட்டில்தான்.

மார்ச் 11, புதன்

வெயில். வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் இந்து என்னிடம் பேசவில்லை. ரவாங்கில் இறங்கி வேறு பஸ் மாறும்போது மட்டும் என் காலரைச் சரி செய்துவிட்டாள்.

ஆபீஸ் ஐஸ்பெட்டி மாதிரி. ஒரு மலாய்க்கார குமாஸ்தாப் பெண், ஜப்பான் மேனேஜர். அவருக்கு என் வயது இருக்கும். வேலைக்காரர்கள் போடும் அதே சாம்பல் நிறச் சட்டை. எழுந்து குனிந்தார். நானும் குனிந்தேன். மறுபடி குனிந்தார். நானும். இந்து பின்னால் சட்டையை இழுத்திருக்காவிட்டால் இன்னும் அங்கேதான் குனிந்துகொண்டிருப்பேன்.

இந்துவைக் கேட்டார்கள், பதில் சொன்னாள், கை வேகம் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர் அரைகுறை மலாயில் என்னிடம், வீட்டில் வீடியோ உண்டா, என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். உடும்புப் படத்துக்கு மலாயில் என்ன சொல்வது? இரண்டு கையையும் நகம் மாதிரி தூக்கி, கன்னத்தை உப்பி, இரண்டு எட்டு நடந்து காட்டினேன். இந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் பார்த்தார். எழுந்தார். என்னைவிட நன்றாக நடந்து காட்டினார், வால் வீசி. குமாஸ்தாப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு உட்கார்ந்து சொன்னார். பதினைந்து வயதில்கூட அந்த மாதிரிப் படம் பார்க்கும்போது நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்வாராம். சண்டைக் காலத்தில் அவர் ஊர் நிஜமாகவே எரிந்ததாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாராம். ஆறு வயது. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

கையெழுத்துப் போட்டேன். கீழே பெயர், கார்டில் உள்ளபடி: வேலு, தகப்பன் பெயர் முனியாண்டி. அவர் தாளை எடுத்து விரலை வைத்துப் படித்தார். அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் போல. பின்னால் இருப்பதை அப்படி நினைத்துக்கொண்டார்.

"முனியாண்டி சான்" என்றார். எழுந்து, இந்தத் தடவை நன்றாகக் குனிந்தார். "கவலை வேண்டாம். மாதா மாதம் மகள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்."

நான் குனிய மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் இந்து: "உங்க பேரு வேலுன்னு சொல்லியிருக்கலாம்லப்பா?"

"இருக்கட்டும்லா. நல்லாத்தானே கூப்பிட்டாரு."

அங்கே வாய் வரைக்கும் வந்தது இது: அந்தப் பெயர்க்காரரும் உங்கள் ஆட்களோடுதான் வேலைக்குப் போனார், ஐயா. நாற்பத்து நாலு வருடம் ஆகிறது. இன்னும் வீட்டுக்கு வரவில்லை.