நூரு வரட்டும் என்று வைத்த சாமான்கள்

என் மாமிக்கு, உங்கள் மருமகள் சபுராவின் சலாம்.

உங்கள் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆ கேட்கிறேன். கேட்டு முடித்து எழுந்தால் முழங்கால் ஏதாவது ஒரு அட்டைப் பெட்டியில் போய் இடிக்கும். அந்த நேரத்தில் உங்கள் மேல் எனக்கு வரும் கோபம் இருக்கிறதே! உங்களுக்கு விசாலமான இடம் கொடுக்கச் சொல்லி நான் இங்கே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். நீங்களோ எனக்கு வீட்டில் ஒரு சாண் இடம் விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இடிக்கும் என்று எழுதியது தப்பு. இப்போது இடிக்கப் பெட்டி இல்லை. அந்தச் சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நீங்கள் இருந்தபோது அதைப் போட முடியவில்லை. நான் வாயைத் திறந்தாலே நீங்கள் தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் யார் பேசுவது?

உங்கள் மகன் சவூதிக்குப் போன இரண்டாம் வருஷம் நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். அப்போதே உள் ரூமில் பெட்டிகள் இருந்தன. மாப்பிள்ளை அனுப்பிய சாமான், கல்யாண அவசரத்தில் பிரிக்க நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வெகுளி பாருங்கள்.

கார்கோவில் ஒரு பெட்டி வந்து இறங்கினால் அன்றைக்கு நீங்கள்தான் ராணி. கத்தரிக்கோலைத் தொடவே விடமாட்டீர்கள். அந்த நீல நைலான் கயிற்றின் முடிச்சை நகத்தாலும் பல்லாலும் அவிழ்ப்பீர்கள், கயிறுகூட வீணாகக் கூடாது என்று. மிட்டாயும் சோப்பும் தைல பாட்டிலும் தெருவுக்குப் போகும். மிச்சமெல்லாம், கப்பு செட்டு, பிளாஸ்க்கு, பால்பவுடர் டின், இஸ்திரிப் பெட்டி, புலிப் படம் போட்ட கம்பளி எல்லாம், மறுபடி அதே பெட்டிக்குள் போய், அதே கயிற்றால் கட்டப்பட்டு, உள் ரூமுக்குப் போய்விடும்.

என் தம்பி ஒரு நாள் உச்சிப்புளியில் பஸ் இறங்கி வெயிலோடு வந்தான். அவனுக்கு ஓரம் உடைந்த டம்ளரில் டீ கொடுக்க எனக்குக் கூசியது. "மாமி, அந்தப் புதுக் கப்பைப் பிரிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"நூரு வரட்டும் புள்ள. எம் மகன் வந்து உக்காந்து மொத வாய் குடிக்கட்டும்."

எதற்கும் அதே பதில்தான். கம்பளியா, நூரு வரட்டும். குக்கரா, நூரு வரட்டும். உங்கள் மகன் நூருல்லா லீவில் வந்து எதிரே உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவை துணிந்து கேட்டேன். "அவுகதான் வந்துட்டாகள்ல, இப்பப் பிரிப்போமா?" நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "இதெல்லாம் வர்றதாடி? இது லீவு. வந்து சேரட்டும்." அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லீவு என்றாலே நம் வீட்டில் சாமான்களுக்கும் லீவுதான். அவர் வருவதற்கு முதல் நாள் நீங்களும் நானுமாக எல்லாப் பெட்டியையும் உள் ரூமிலிருந்து ஹாலுக்குத் தள்ளுவோம். லீவு முடிகிற வரைக்கும் பெட்டிகள் ஹாலில், நாங்கள் ரூமில். அவர் விமானம் ஏறிய மறுநாளே பெட்டிகள் ரூமுக்கு, நான் ஹாலுக்கு, உங்கள் பக்கத்தில் என் பாய்க்கு. அழுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் பெட்டி தூக்கக் கூப்பிடுவீர்கள். அது வேண்டுமென்றே செய்ததுதானா மாமி? இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

நேவி ஹெலிகாப்டர் கூரைக்கு மேல் தடதடவென்று போனால் வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்ப்பீர்கள். "அது நேவிக்காரன் மாமி, ஒங்க மகன் மதுரையிலதான் எறங்கணும்," என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "தெரியும் புள்ள, சும்மாதான் பாத்தேன்," என்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்தச் சத்தம் கேட்டால் நானும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்களை ஹாலில் கிடத்தியிருந்தபோது அவர் போனில்தான் பார்த்தார். உங்கள் பேத்தி அஃப்ரின்தான் போனை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். உள் ரூம் நிறைய அவர் அனுப்பிய சாமான் இருந்தது, அவர்தான் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டை ஒதுங்க வைக்க நான் முயற்சி செய்யாமல் இல்லை. ரம்ஜானுக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்கு முன்னால் ஒரு தடவை. ஒரு பெட்டியைப் பிரிப்பேன். ஒரு டின்னைக் கையில் எடுப்பேன். இது வந்த அன்றைக்கு நீங்கள் என்ன சேலை கட்டியிருந்தீர்கள் என்பது வரைக்கும் ஞாபகம் வரும். இதை வாங்குகிற காசுக்கு அவர் எவ்வளவு நேரம் கடையில் வேலைக்கு நின்றிருப்பார் என்று தோன்றும். திரும்ப வைத்துக் கட்டிவிட்டு, இடுப்பு வலி என்று படுத்துவிடுவேன். உடம்பில் தெம்பு இருந்தது மாமி. மனசுதான் எழுந்து வரவில்லை.

அஃப்ரின் மாமியார் வீட்டிலிருந்து வந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினாள். அதில் யாரோ ஒரு அம்மா, வீட்டை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு வருஷமாகத் தொடாத பொருளை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். "அப்படிப் பாத்தா ஒங்க வாப்பாவத்தாண்டி மொதல்ல தூக்கிப் போடணும்," என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

அந்த வாரத்தில்தான் அவர் போன் செய்தார். "சபுரா, பாஸ்போர்ட்டுல எக்ஸிட் அடிச்சாச்சு. முடிச்சுட்டு வாரேன். இனிமே போகல."

எத்தனை வருஷம் காத்திருந்த சொல்! கேட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? "சாப்டீங்களா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "அங்கன எனக்குப் படுக்க எடம் இருக்கா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டாரே.

அஃப்ரின் உடனே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். "வாங்கம்மா, வழக்கம்போல எல்லாத்தையும் ஹாலுக்குத் தள்ளிருவோம்."

ஹாலுக்குத் தள்ளுவது என்றால் லீவு. ஹாலில் பெட்டி இருக்கிற வரைக்கும் அது திரும்ப ரூமுக்குள் போகப் போகிற பெட்டி, அவர் திரும்பப் போகப் போகிற ஆள். நம் தெருவிலேயே எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! முடித்துவிட்டு வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஆறு மாசத்தில் மறுபடி விசாவுக்கு அலைவார்கள். காசு ஆசை மட்டும் இல்லை. சொந்த வீட்டில் எங்கே உட்காருவது, எதைத் தொடுவது என்று தெரியாமல் போய்விடுகிறது அவர்களுக்கு. உங்கள் மகனும் அப்படிப் போய்விட்டால்? இந்தத் தடவை போனால் எனக்கு அவர் இனி கிடைக்கமாட்டார்.

"தள்ளக் கூடாது. வீட்டை விட்டே வெளியேத்தணும்," என்றேன்.

இவ்வளவு நாள் வராத மனசு அந்த ஒரு நிமிஷத்தில் வந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நம் உப்புக்காற்று உங்கள் சொல்லை மதிக்கவே இல்லை. இஸ்திரிப் பெட்டி துருப்பிடித்து டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குக்கரின் அடியில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. பால்பவுடர் கல்லாகிவிட்டது, கரண்டியால் தட்டினால் டங்கென்று சத்தம் வருகிறது. நல்லபடியாக இருக்கட்டும் என்று நீங்கள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் யாருக்கும் உதவாமல் அங்கேயே செத்துக் கிடந்தது.

பழைய இரும்பு எடுக்கிறவர் குட்டியானை வண்டியோடு வந்தார். "என்னம்மா, வீட்டுக்குள்ள ஒரு கடையவே வச்சிருந்திருக்கீக," என்றார். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். வண்டி தெரு முனை திரும்பியதும் அழுதேன். நன்றாக இருந்த பிளாஸ்க்குகளும் தொழுகிற முஸல்லா விரிப்புகளும் மதரசாவுக்குப் போயின. கம்பளிகளை மாடியில் உதறிக் காயவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன். எத்தனை பெட்டிகளைக் கட்டிய கயிறு! அதையெல்லாம் முடிந்து மாடியில் கொடியாகக் கட்டிவிட்டேன், அது மட்டும் உங்களுக்காக. கப்பு செட்டைக் கழுவி அடுப்படியில் வைத்தேன்.

உள் ரூமைக் கழுவிவிட்டபோதுதான் அதற்கு ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு நினைவு வந்தது. திறந்தால் கடல் காற்று நேரே வந்தது. ஒரு கட்டில், ஒரு கொக்கி, அவ்வளவுதான் போட்டேன். இவ்வளவு நல்ல ரூமையா நாம் பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் வெந்துகொண்டிருந்தோம்?

அவர் வந்தார் மாமி. மதுரையில் இறங்கி, அஃப்ரின் மாப்பிள்ளையின் காரில், நேற்றுச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். தாடி பாதி வெளுத்திருந்தது. செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, யாராவது உள்ளே வா என்று சொல்லட்டும் என்பதுபோல நின்றார். பின்னாலேயே டிக்கியிலிருந்து இறங்கியது, நீல நைலான் கயிறு கட்டிய ஒரு பெரிய பெட்டி.

"இத எங்கன வைக்கட்டும்?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எங்கனயும் வைக்க வேணாம். இப்பவே பிரிங்க," என்றேன். வந்த மனுஷனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் சண்டை போடுகிறாளே என்று அஃப்ரின் என் கையைக் கிள்ளினாள்.

"அப்புறமாப் பிரிப்போம் சபுரா."

"அந்த அப்புறத்தத்தான் இவ்வளவு நாளா கட்டி வச்சிருந்தோம். பிரிங்க."

அவர் கொஞ்சம் கூசினார். மகளைப் பார்க்காமல், "இதுல ஒங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல," என்றார் தணிந்த குரலில். நான் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தேன். முடிச்சு அவிழ்க்க எனக்கு உங்கள் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே அடியெல்லாம் கரி பிடித்த ஒரு அலுமினியச் சட்டி இருந்தது. பிடி போய்க் கம்பி சுற்றிய கரண்டி ஒன்று. முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி. கறை படிந்த ஒரு பீங்கான் கோப்பை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு போர்வை. நடுவில் நைந்து, தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் அஃப்ரின் முகம் தெரிந்தது.

"தூக்கிப் போட்டுட்டுத்தான் வரணும்னு நெனச்சேன். மனசு வரல. ஒனக்கு எடஞ்சல்னா போட்டுரு," என்றார்.

இத்தனை வருஷமும் அங்கிருந்து நமக்கு வந்ததெல்லாம் புதுசு. அவர் தொட்டுப் புழங்கிய ஒரு பொருளைக்கூட நாம் பார்த்ததில்லை, இல்லையா? எதில் ஆக்கினார், எதில் குடித்தார், எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார், எதுவும் நமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"அங்கன ஏசிக் குளிருன்னு சொல்வீகளே. இதையா போத்துனீக? அனுப்புன கம்பளில ஒண்ண வச்சுக்கிட்டிருந்தா என்ன?"

"ஊருக்கு வந்து போத்திக்கிறலாம்னுதான்," என்றார்.

கேட்டீர்களா மாமி? நூரு வரட்டும் என்று நீங்கள் இங்கே பிரிக்காமல் வைத்தீர்கள். ஊருக்குப் போய்ப் போர்த்திக்கொள்ளலாம் என்று அவர் அங்கே நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார். தாயும் மகனும் ஒரே பேச்சைப் பேசி, ஒரு கம்பளியைக் கடைசிவரை யாரும் போர்த்தவில்லை. நம் ஊர் வெக்கையில் இனி எந்தக் காலத்தில் போர்த்துவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துத் திட்ட வேண்டும் போலிருந்தது. உங்களை எங்கே போய்த் தேடுவேன்?

ஒரு வீட்டுச் சாமானை வெளியேற்றி முடித்தவள், அந்தக் கரிச் சட்டியை உள்ளே கொண்டுபோய்ப் புதுக் கப்பு செட்டுக்கு முன்னால் வைத்தேன். போர்வையை மடித்துக் கட்டிலில் போட்டேன். அப்புறம் அதே சட்டியை அடுப்பில் வைத்து, டீ போட்டு, அவருடைய கோப்பையிலேயே ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். "சீனி பத்தல புள்ள," என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லீவில் வந்த எத்தனையோ நாட்களில் அவர் என்னிடம் எதையுமே குறையாகச் சொன்னதில்லை மாமி. உப்பு கூடியிருந்தாலும் நல்லாருக்கு, ஆறிப் போனாலும் நல்லாருக்கு. விருந்துக்கு வந்தவர் வேறு என்ன சொல்வார்?

கோப்பையோடு எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "இது உப்பு... இது என்ன, ரவையா?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அஃப்ரின் காட்டிக் கொடுக்க எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தேடட்டும், அவர் வீடுதானே?

இப்போது மதியம் லுஹர் தொழுகைக்குப் போயிருக்கிறார், அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமி. இனி ஒரு நாளும் உங்கள் மகனை விருந்தாளியாக நடத்தமாட்டேன். ரேஷன் கடை வரிசையில் நிற்க வைப்பேன். நாறின மீனை வாங்கி வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவேன். அவர் பதிலுக்குத் திட்டினால், அதை உங்களுக்குச் சேர வேண்டிய நல்ல சேதியாக எடுத்துக்கொள்வேன். உங்கள் நூரு வந்து சேர்ந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஹாலில் உங்களுக்கு அடுத்த பாய்க்காரி,
உங்கள் மருமகள் சபுரா