டேப் சுற்றிய கயிறு

5 மார்ச் 2024, செவ்வாய்

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. மனைவி மலர் பக்கத்து வீட்டில் இரண்டு வாளி பிடித்து வைத்திருந்தாள். முழங்கால் வலி. லோரி கம்பெனியில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தால் உடம்பு ஓய்வெடுக்கும் என்று நினைத்தேன். அது இப்போதுதான் ஸ்ட்ரைக் ஆரம்பித்திருக்கிறது.

ராதாகிருஷ்ணன் போன் செய்தான். "டேய் லிங்கம், புதுக் கயிறு வாங்கிட்டியா?" தன் தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சீனப் புத்தாண்டுக்கு மறுநாள் எங்கள் பாய்மரப் படகில் பெரிய பாயை ஏற்றும்போது கயிறு அறுந்து, மல்லாக்க விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. பல் செட் செய்கிறவனுக்கு வலது கை தூக்க முடியாவிட்டால் என்ன வேலை இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸில் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"பழைய கயிறுலா, நம்மள மாதிரி" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8 மார்ச், வெள்ளி

கயிறு வாங்கவில்லை. தூங்கினேன்.

10 மார்ச், ஞாயிறு

கிள்ளானில் எனக்குத் தெரிந்த கடையில் வாங்கிவிட்டேன். நைலான், வெள்ளை, நாற்பது மீட்டர். பலகை லோரிக்கெல்லாம் இதுதான் கட்டுவோம். யானையைக் கட்டினாலும் தாங்கும்.

அப்படியே போர்ட் கிள்ளான் போனேன். ஏழு வருடத்துக்கு முன் நானும் ராதாவும் பாதிப் பாதி போட்டு வாங்கிய இருபத்து நாலு அடிப் படகு, பாவம், சேறு பூசிக்கொண்டு கிடந்தது. அறுந்த கயிற்றின் மிச்சம் பாய்மரத்திலேயே தொங்கியது. அதன் நுனியில் பாதி பிய்ந்த கறுப்பு டேப்.

நான் சுற்றிய டேப்.

டிசம்பரிலேயே பார்த்தேன், மேலுறை தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. லோரியில் செய்கிற மாதிரியே நாலு சுற்று சுற்றினேன் — இன்னும் ரெண்டு ட்ரிப் தாங்கும். எத்தனை டிரைவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்! ராதாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இழுத்திருக்க மாட்டான்.

பார்க்கப் பிடிக்காமல் மொத்தக் கயிற்றையும் உருவிக் குப்பையில் போட்டேன்.

13 மார்ச், புதன்

படகுச் சாமான் கடை. கடைக்கார ஜுஹைர் நோன்பில் வாடிய முகத்தோடு இருந்தான். நைலானைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினான்.

"அங்கிள், இது நீளும். லோரிக்கு ஓகே, நங்கூரத்துக்கும் ஓகே. பாய ஏத்துனா காத்துல ரப்பர் மாதிரி இழுத்துக்கும், பாய் தொங்கிப் போயிரும். பாலியெஸ்டர் எடுங்க, எட்டு மில்லி."

முப்பத்தொரு வருடக் கயிறு ஞானம் ஒரே நிமிடத்தில் போயிற்று. நீல நிறத்தில் புள்ளி போட்டது ஒன்று, சிவப்புப் புள்ளி ஒன்று, இரண்டு சுருள் வாங்கினேன். முன்னால் உள்ள சின்னப் பாயின், முன்பாயின், கயிறும் கிழடுதான்.

"பழசோட நுனியில புதுசத் தைச்சு இழுத்துருங்க, உச்சிக்குத் தானாப் போயிரும்" என்றான்.

"பழச உருவித் தூக்கிப் போட்டுட்டேனே."

அவன் என்னைப் பார்த்த பார்வை! "அப்போ யாராச்சும் மேல ஏறணும் அங்கிள்."

தொண்ணூற்றாறு கிலோ நான். யார் தூக்குவது?

17 மார்ச், ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் போனேன். ராதாவின் மனைவி உஷாராணி தங்கச்சி தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. "இவரு அன்னைக்கு ரொம்ப வேகமா இழுத்துட்டாராம்ணே. தன் தப்புன்னே சொல்லிக்கிட்டிருக்காரு."

வாயைத் திறந்தேன். இன்னொரு தோசை கேட்டேன்.

சீ.

24 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

உஷா கோயிலுக்குப் போயிருந்தது. ராதா இடது கையால் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தான். டேப், டிசம்பர், லோரி வழக்கம், எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். கரண்டி நின்றது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்னு சொன்னா பொய். கயிறு மாத்தணும்னு சொன்னா நீ அன்னைக்கே கடைக்கு இழுத்துக்கிட்டுப் போவே. எனக்கு அலுப்பா இருந்துச்சு."

"அலுப்பு" என்றான். அவ்வளவுதான். பிறகு, "போயிட்டு வாடா" என்றான். கோபமாகக் கத்தியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரை நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

31 மார்ச், ஞாயிறு

போன் இல்லை. நானும் செய்யவில்லை. எந்த முகத்தோடு?

6 ஏப்ரல், சனி

தனியாகப் படகுக்குப் போனேன். இந்த முறை ஒழுங்காக: முன்பாயின் பழைய கயிற்று நுனியில் புதியதை வைத்துத் தைத்தேன். நுனியோடு நுனி, இருபது தையல். மெதுவாக இழுத்தேன். தையல் உச்சிக் கப்பியில் நுழையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடந்தது. சிவப்புப் புள்ளிக் கயிறு மறுபக்கம் என் கைக்கு வந்தது.

பெரிய பாய்க்கு வழி இல்லை. நீலச் சுருள் அப்படியே கிடக்கிறது. படகை விற்றுவிடலாமா? ராதாவைக் கேட்காமல் பாதிப் படகை எப்படி விற்பது?

மலர் கேட்டாள், "அவருதான் உங்கள வேணாம்னு சொன்னாரா, இல்ல நீங்களே சொல்லிக்கிறீங்களா?"

15 ஏப்ரல், திங்கள்

ராதாவிடமிருந்து வாட்ஸ்அப். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு வரி.

"முன்பாய்க் கயிறு எத்தனை மில்லி?"

நான் அதை மாற்றியதை மலர்தான் சொல்லியிருக்க வேண்டும். எட்டு என்று அனுப்பினேன். பாலியெஸ்டர் என்றும் அனுப்பினேன். எந்தக் கடை, எந்த முடிச்சு, எத்தனை தையல், பெரிய பாய்க் கயிற்றை உருவிப் போட்டது, எல்லாம் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டான்.

21 ஏப்ரல், ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ராதா படகுத்துறையில் நிற்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் கொமுட்டர் பிடித்து வந்திருக்கிறான். ரொம்ப மெலிந்துவிட்டான். வணக்கம்கூட இல்லை, சிவப்புப் புள்ளிக் கயிற்றை அடி முதல் கைக்கெட்டிய வரை விரலால் தடவிக்கொண்டே போனான். பல் செட்டில் மேடு இருக்கிறதா என்று பார்க்கிற அதே விரல்.

"டேப் எதுவும் இல்லையே?"

"இல்ல."

"சரி. மேல ஏற உக்கார்ற பலகைய எடு. நான் ஏறறேன்."

"பைத்தியமா உனக்கு? அந்தத் தோளோட..."

"டாக்டர் கை தூக்கலாம்னுட்டாரு. உன்ன நான் தூக்க முடியுமா சொல்லு. கிரேன் கூப்பிடணும்." அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "நீ பிடி."

பலகையில் உட்கார்ந்தான். அவன் இடுப்பையும் பாய்மரத்தையும் சேர்த்துக் காவல் பட்டை போட்டோம். முன்பாய்க் கயிறு, அதன் நுனியில் அவன், இந்தப் பக்கம் நான். கயிறிழுக்கும் வின்ச்சில் நாலு சுற்று சுற்றி, ஒரு கையால் பிடியைத் திருப்பி, மறுகையால் கயிற்றை இறுக்கி, அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். முழங்கால் வலித்ததா, தெரியாது. பாதி உயரத்தில் ஒருமுறை கேட்டான், உச்சியில் ஒருமுறை கேட்டான்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்டா."

நீலக் கயிற்றின் நுனியைக் கப்பியில் நுழைத்துக் கீழே விட்டான். சரசரவென்று இறங்கி என் காலடியில் விழுந்தது. அவனை இறக்க ஏற்றியதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டேன். "தூங்கிட்டியா?" என்று மேலிருந்து கத்தினான்.

தரையில் கால் வைத்ததும் நேராக என் சாமான் பெட்டியைத் திறந்தான். கறுப்பு டேப் சுருளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"இது என் வீட்டு ஒயருக்கு ஆகும்" என்றான். பிறகு, "அடுத்த ஞாயிறு கடல்ல தண்ணி ஏத்தம் எத்தன மணிக்கு?"